ஆளில்லாத டவர்: 1987 சிகாகோ மேக்ஸ் ஹெட்ரூம் கேஸ், முழுசா

1987 நவம்பர் 22, ஞாயித்துக்கிழமை ராத்திரி, சிகாகோ. டபிள்யூஜிஎன்ங்கிற ஊர் டிவி ஸ்டேஷனோட சேனல் 9ல ஒன்பது மணி நியூஸ் ஓடிக்கிட்டிருக்கு. ஸ்போர்ட்ஸ் நேரம், டான் ரோன் அன்னிக்கு சிகாகோ பேர்ஸ் டீம் டெட்ராய்ட் லயன்ஸ அடிச்ச மேட்ச்சோட ஹைலைட்ஸ் சொல்லிக்கிட்டிருக்காரு. மணி 9:14 இருக்கும், ஸ்க்ரீன் கருப்பாயிடுச்சு. அடுத்து வந்தது டான் ரோன் இல்ல. ரப்பர் மாஸ்க் போட்ட ஒரு ஆள், கருப்புக் கண்ணாடி, கோட்டு, அப்படியும் இப்படியும் ஆடிக்கிட்டே இருக்கான், பின்னாடி நெளிநெளியா ஒரு தகடு சாஞ்சு சாஞ்சு திரும்புது. பேச்சு எதுவும் இல்ல, வெறும் உர்ர்ருன்னு ஒரு இரைச்சல்தான். அரை நிமிஷம் கூட ஆகல, சேனல் 9 இன்ஜினியருங்க, ஸ்டூடியோல இருந்து டவருக்குப் படம் அனுப்புற லிங்க்கோட ஃப்ரீக்வென்ஸிய மாத்தி படத்த திரும்பப் புடிச்சிட்டாங்க. டான் ரோன் சிரிச்சுக்கிட்டே "என்ன நடந்துச்சுன்னு நீங்க யோசிச்சீங்கன்னா, நானும் அதத்தான் யோசிக்கிறேன்"ங்கிற மாதிரி ஒண்ணு சொல்லிட்டு விட்ட இடத்துல இருந்து ஆரம்பிச்சாரு.

அதோட முடிஞ்சிருந்தா இன்னிக்கு இதப் பத்தி யாரும் பேசிக்கிட்டிருக்க மாட்டாங்க.

ரெண்டு மணி நேரம் கழிச்சு 11:20 வாக்குல சேனல் 11. இது டபிள்யூடிடிடபிள்யூ, பொது நிதியில ஓடுற பிபிஎஸ் ஸ்டேஷன். பிரிட்டன் பிபிசி தயாரிச்ச டாக்டர் ஹூ சீரியல ஞாயித்துக்கிழமை லேட் நைட்டுல எபிசோடுங்கள ஒண்ணா ஒட்டி படம் மாதிரி போடுவாங்க, அதுக்குன்னே முழிச்சிருக்கிற கூட்டம் சிகாகோல பெருசா இருந்துச்சு. டாக்டர் ஹூ முதல்ல வந்தது 1963 நவம்பர் 23, அதாவது மறுநாள் அதோட பிறந்தநாள். அன்னிக்கு ஓடினது ஹாரர் ஆஃப் ஃபேங் ராக், 1977ல வந்த கதை. நடுவுல படம் கிழிஞ்ச மாதிரி கோடு விழுந்துச்சு, அதே மாஸ்க் ஆள் வந்துட்டான். இந்தத் தடவ குரலும் இருந்துச்சு. கிட்டத்தட்ட 90 செகண்ட் இருந்தான், அவன யாராலயும் நிறுத்த முடியல, அவனா முடிச்சுக்கிட்டுப் போனான்.

இந்தக் கேஸப் பத்தி நெட்ல கிடைக்கிறதுல பாதி, பேய்க்கதை மாதிரி பின்னணி மியூசிக் போட்டு அந்த மாஸ்க்க ஸ்லோமோஷன்ல காட்டுறதோட நின்னுடுது. மாஸ்க் பயமா இருக்குதான், இல்லன்னு சொல்ல வரல. ஆனா என்னைப் பொறுத்தவரைக்கும் இதுல உண்மையான பயம் வேற இடத்துல இருக்கு. ஒரு ஸ்டேஷன் தன்னோட ஸ்க்ரீன்ல யாரோ ஒருத்தன் உக்காந்திருக்கிறத தானே மானிட்டர்ல பாத்துக்கிட்டு, ஒண்ணரை நிமிஷம் ஒண்ணும் பண்ண முடியாம நின்னுச்சு. ஏன் அப்படி ஆச்சுங்கிறதுதான் இந்தக் கேஸே.

முதல்ல அந்த மாஸ்க் யாருன்னு பாத்துடுவோம், 80கள்ல டிவி பாக்காதவங்களுக்கு அது புரியாது. மேக்ஸ் ஹெட்ரூம்ங்கிறது 1985ல பிரிட்டன் சேனல் 4ல வந்த ஒரு டிவி படத்துல பொறந்த கேரக்டர், கம்ப்யூட்டருக்குள்ள வாழுற ஒரு திக்குவாய் டிவி தொகுப்பாளன். பாத்தா கம்ப்யூட்டர்ல வரைஞ்ச முகம் மாதிரி இருக்கும், ஆனா அது மாட் ஃப்ரூவர்ங்கிற நடிகர் முகத்துல ரப்பர் ஒட்டி பெயிண்ட் அடிச்சு எடுத்தது. அந்தக் காலத்து கம்ப்யூட்டரால ஒரு முகத்த அப்படி நடிக்க வைக்க முடியாது. அந்தக் கதையோட மையமே ஒரு டிவி கம்பெனி, விளம்பரத்த எல்லாம் சில செகண்டுக்குள்ள நசுக்கி அடைச்சுக் காட்டுது, அதப் பாக்குற சில பேர் உடம்பு வெடிச்சு செத்துப்போறாங்க. அப்படி ஒரு டிவி பயத்துல இருந்து வந்த முகம் இது. அப்புறம் அமெரிக்கால கோக் விளம்பரத்துக்கு அதே முகத்தப் புடிச்சுட்டாங்க, 1987ல ஏபிசில சீரியலும் வந்துச்சு, ஓடல, அந்த வருஷக் கடைசிக்குள்ளயே தூக்கிட்டாங்க. மாஸ்க் கடையிலயே கிடைச்சுது. ஆக நவம்பர் மாசத்துல அந்த முகம் எல்லாருக்கும் தெரிஞ்ச முகம், கொஞ்சம் சலிச்சுப்போன முகமும் கூட.

அந்த 90 செகண்ட்ல என்ன பண்ணினான்? ஒரு கதையும் கிடையாது, துண்டு துண்டா இருக்கும். குரல உருக்கி நசுக்கி வச்சிருக்கான், பாதி புரியாது. முதல் வார்த்தையே யாரையோ கிண்டல் பண்ற மாதிரி ஆரம்பிக்குது. அப்புறம் சக் ஸ்வெர்ஸ்கிய விட நான் பெட்டர்னு சொல்றான், ஸ்வெர்ஸ்கி டபிள்யூஜிஎன் ரேடியோல இருந்த ஸ்போர்ட்ஸ் ஆள். ஒரு பெப்ஸி கேனத் தூக்கிக் காட்டி கோக்கோட விளம்பர வரியச் சொல்றான், மேக்ஸ் ஹெட்ரூம் கோக்குக்கு நடிச்ச அதே வரி. கேனத் தூக்கிப் போடுறான், கெட்ட சைகை காட்டுறான். ஒரு பழைய பாட்டு வரி. அப்புறம் க்ளட்ச் கார்கோங்கிற 1959 கார்ட்டூனோட ட்யூன முனகுறான். அந்தக் கார்ட்டூன் எப்படி இருக்கும்னா, படம் அசையாது, வரைஞ்ச முகத்துல வாய் இருக்கிற இடத்துல மட்டும் நிஜ மனுஷனோட உதடு ஒட்டிப் பேசும். காசு மிச்சம் பண்ண கண்டுபுடிச்ச வழி, ஆனா சின்னப் புள்ளைங்க கண்ணுக்கு அது எவ்வளவு சங்கடமான படம்னு ஒரு தடவ பாத்தாலே தெரியும். பொம்மை முகத்துக்குள்ள மனுஷ வாய். மாஸ்க் போட்டவன் அந்த ட்யூன முனகினது தற்செயலா இல்லையா தெரியாது, எனக்கு மட்டும் அந்த இடம் வரும்போதெல்லாம் முதுகு சில்லுன்னு ஆகும்.

அதுக்கப்புறம்தான் முக்கியமான வரி. உலகத்தோட மிகப்பெரிய பேப்பர்காரப் பசங்களுக்காக ஒரு மாஸ்டர்பீஸ் பண்ணிட்டேன்னு கொழகொழன்னு சொல்றான். டபிள்யூஜிஎன்ங்கிற மூணு எழுத்தே, அதோட சொந்தக்காரங்களான சிகாகோ ட்ரிப்யூன் பேப்பர் தன்னை உலகத்துலயே பெரிய பத்திரிகைன்னு சொல்லிக்கிட்ட விளம்பர வரியோட முதல் எழுத்துங்கதான். ஒரு கையுறைய மாட்டிக்கிட்டு இன்னொண்ணு என் தம்பிகிட்ட இருக்குங்கிற மாதிரி ஏதோ சொல்லி தூக்கி எறியுறான். கடைசில ஒரு வெட்டு, படம் மாறுது, ஆள் பின்பக்கத்தக் காட்டிக்கிட்டு குனிஞ்சிருக்கான், மாஸ்க் கையில இருக்கு, முகம் ஃப்ரேமுக்கு வெளிய, வேலைக்காரப் பொம்பள மாதிரி ட்ரெஸ் போட்ட ஒருத்தர் ஈ அடிக்கிற மட்டையால அடிக்கிறாங்க, அவன் அலறுறான், என்னப் புடிக்க வர்றாங்கன்னு கத்துறான். கருப்பு. திரும்ப டாக்டர் ஹூ.

இப்ப ஒரு விஷயம் கவனிங்க. சேனல் 11ல ஓடின டேப்ல இருக்கிற கிண்டல் முக்கால்வாசி சேனல் 9 மேல. ஸ்வெர்ஸ்கி, பேப்பர்காரப் பசங்க, ரெண்டுமே டபிள்யூஜிஎன். பிபிஎஸ்ஸப் பத்தியோ டாக்டர் ஹூவப் பத்தியோ ஒரு சொல் கூட இல்ல. அப்படின்னா அந்த டேப் தயாரானது சேனல் 9க்காக. ஒன்பது மணிக்கு ஏறினான், சத்தம் போய்ச் சேரல, அரை நிமிஷத்துக்குள்ள தள்ளி விட்டுட்டாங்க. கையில முழு டேப் இருக்கு, சொல்ல வந்தது சொல்லப்படல. அதுக்கப்புறம்தான் 11க்குப் போயிருக்கான்னு நான் படிக்கிறேன். டாக்டர் ஹூ ரசிகன், அந்தக் கதைக்கு ஏத்த மாதிரி ப்ளான் பண்ணினான்னு சில பேர் சொல்றது எனக்கு ஒட்டல. நடுவுல ஒரு வெட்டு தெளிவா இருக்கு, அதனால இது லைவ் இல்ல, முன்னாடியே எடுத்து வச்ச டேப்னுதான் நான் எடுத்துக்குறேன். கேமராவுக்கு முன்னாடி குறைஞ்சது ரெண்டு பேர், அந்தத் தகட ஆட்டவும் ஒரு கை வேணும்.

டவர்ல என்ன நடந்துச்சு

டிவி ஸ்டேஷன்னு சொன்னா ஸ்டூடியோதான் ஞாபகம் வரும். ஆனா வீட்டு ஆன்டெனாவுக்கு சிக்னல் அனுப்புறது ஸ்டூடியோ இல்ல, ட்ரான்ஸ்மிட்டர், அது ஊர்லயே உயரமான இடத்துல இருக்கும். சேனல் 9க்கு அது ஜான் ஹேன்காக் பில்டிங், 100 மாடி. சேனல் 11க்கு சியர்ஸ் டவர், 110 மாடி, அன்னிக்கு உலகத்துலயே உயரமான பில்டிங், இப்ப வில்லிஸ் டவர்னு பேரு. ஸ்டூடியோ ரெண்டும் வடக்கால தள்ளி இருந்துச்சு. ஸ்டூடியோல தயாரான படம் டவருக்கு எப்படிப் போகும்? ஒரு டிஷ்ல இருந்து இன்னொரு டிஷ்ஷுக்கு மைக்ரோவேவ் வழியா, நேர்கோட்டுல, வீடு மேல ரோடு மேல பறந்து போகும். நடுவுல மறைப்பு இருக்கக்கூடாது, அவ்வளவுதான் கண்டிஷன்.

அந்த லிங்க் அனலாக், எஃப்எம். இதுலதான் ஓட்டை. நம்ம ஊர்த் திருவிழால ரெண்டு பக்கம் ரெண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டினா ரெண்டு பாட்டும் கலந்து காதுல விழும், எஃப்எம் ரிசீவர்ல அப்படிக் கலக்காது. ஒரே ஃப்ரீக்வென்ஸில ரெண்டு சிக்னல் வந்தா, எது போதுமான அளவு பலமா இருக்கோ அத மட்டும் புடிச்சுக்கும், மத்தத முழுசா அமுக்கிடும். யாரு அனுப்புறாங்கன்னு ரிசீவர் கேக்காது, அன்னிக்கு அந்த லிங்க்ல பாஸ்வேர்டோ ரகசியக் குறியீடோ எதுவும் கிடையாது, பலசாலி எவனோ அவன்தான் ஸ்டேஷன். ட்ரான்ஸ்மிட்டர் பாவம், அதுக்கு வந்தத ஊருக்கே ஒலிபரப்பும்.

அதனால சேனலோட பெரிய ட்ரான்ஸ்மிட்டர் பவர ஜெயிக்கணும்னு அவசியமே இல்ல. அந்தச் சின்ன மைக்ரோவேவ் லிங்க்க ஜெயிச்சாப் போதும். ஸ்டூடியோவ விட டவருக்குப் பக்கத்துல, டிஷ் பாக்குற திசையில, ஒரு உயரமான அபார்ட்மெண்ட்டோ மொட்டை மாடியோ கிடைச்சா, ஸ்டூடியோ அனுப்புறத விடக் கம்மி பவரே போதுமானதா இருக்கும். நியூஸ் வேன்ல இருந்து ஸ்பாட் கவரேஜ் அனுப்ப அந்தக் காலத்துல மைக்ரோவேவ் செட் வச்சிருப்பாங்களே, அந்த ஜாதி கருவி. கடையில சும்மா வாங்குற சாமான் இல்ல, ஆனா தொழில்ல இருக்கிறவனுக்குக் கிடைக்காத சாமானும் இல்ல. ஃப்ரீக்வென்ஸி எது, டிஷ் எங்க பாக்குது, இதெல்லாம் தெரிஞ்சிருக்கணும். அதனாலதான் மேதை ஹேக்கர், கம்ப்யூட்டர் பையன்னு சொல்ற கதைய நான் ஏத்துக்கல. இதுல கம்ப்யூட்டர் வேலையே கிடையாது. ஆன்டெனா வேலை, ஆர்எஃப்னு சொல்ற ரேடியோ அலை வேலை, ஏதோ ஒரு விதத்துல ஒளிபரப்புத் துறைய உள்ள இருந்து பாத்தவன் செஞ்ச வேலை. முதல் தடவ சத்தம் வராம வெறும் இரைச்சல் வந்ததும் எனக்கு அப்படித்தான் தோணுது, படத்த லாக் பண்ணிட்டான், படத்தோட சேர்ந்து ஆடியோவச் சுமந்துக்கிட்டுப் போற துணை அலையோட (துணைக்கேரியர்) செட்டிங் பொருந்தல.

சேனல் 9ல முதல்ல உள்ளாள் வேலைன்னுதான் நெனச்சாங்க, பில்டிங் முழுக்கத் தேடினாங்க, யாரும் இல்ல. ஆனா அவங்க தப்பிச்சதுக்குக் காரணம் எளிமையானது, கவனிக்க ஆள் இருந்துச்சு, லிங்க்க உடனே வேற ஃப்ரீக்வென்ஸிக்கு மாத்தினாங்க, அவன் கத்திக்கிட்டிருந்த அலைவரிசைய டவர் கேக்குறதையே நிறுத்திடுச்சு.

சேனல் 11ல அந்த நேரத்துல சியர்ஸ் டவர்ல இன்ஜினியர் யாரும் டூட்டில இல்ல. ஞாயித்துக்கிழமை ராத்திரி பதினோரு மணி, ஒரு பழைய பிரிட்டிஷ் சீரியல் ஓடுது, யாரு போய் 110 மாடி மேல உக்காந்திருப்பா. ஸ்டூடியோல இருந்தவங்க பாத்தாங்க, சரி பண்ண முயற்சி பண்ணினாங்க, முடியல. சுதாரிச்சு என்னன்னு பாக்குறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. அன்னிக்கு டூட்டில இருந்த ஒருத்தர் பல வருஷம் கழிச்சு சொன்னது, படம் போகப் போக விபரீதமாச்சு, நம்மால ஒண்ணும் பண்ண முடியலயேன்னு டென்ஷனும் கூடிக்கிட்டே போச்சுன்னு. அவங்க பக்கத்துல நின்னு யோசிச்சுப் பாருங்க. உங்க கையில ஸ்விட்ச் இருக்கு, கன்சோல் இருக்கு, நீங்க அனுப்புற டாக்டர் ஹூ உங்க மானிட்டர்ல ஒழுங்காத்தான் ஓடுது, வீடுகளுக்குப் போறதக் காட்டுற ஏர் மானிட்டர்ல மட்டும் வேற ஒருத்தன்.

அந்தக் கதையையும் சொல்லியே ஆகணும். ஹாரர் ஆஃப் ஃபேங் ராக் ஒரு கலங்கரை விளக்கத்துக்குள்ள நடக்கிற கதை. இருபதாம் நூற்றாண்டோட ஆரம்பம், சுத்தி மூடுபனி, வெளியில இருந்து ஒண்ணு உள்ள வந்துடுது, அது உள்ள இருக்கிற ஒருத்தரோட உருவத்தையே போட்டுக்கிட்டுத் திரியுது, ஒவ்வொருத்தரா மின்சாரம் பாய்ஞ்சு சாகுறாங்க. கலங்கரை விளக்கத்துக்குப் புதுசா கரண்ட் வந்திருக்கும், வயசான காவலாளிக்கு அது பிடிக்காது, எண்ணெய் விளக்குதான் நம்பகம்பாரு. உயரமான டவர், அதுல இருந்து வெளிச்சம், அதுக்குள்ள முகமூடி போட்டு நுழைஞ்ச ஒண்ணு. இத யாரும் திட்டம் போட்டு அமைக்கல, நானே மேல சொன்ன மாதிரி 11 அவனோட ரெண்டாவது சாய்ஸ்தான். ஆனா படம் திரும்ப வந்ததும் ஹீரோ டாக்டரா நடிச்ச டாம் பேக்கர் பேசுறது, எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் பெரிய மின்சார ஷாக், உடனே செத்திருப்பாருன்னு. ரெக்கார்டிங்ல அப்படியே இருக்கு, எடிட் பண்ணி ஒட்டினது கிடையாது. அந்த நேரத்துல தனியா உக்காந்து பாத்துக்கிட்டிருந்தவங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்.

அந்த ரெக்கார்டிங் நம்மகிட்ட இருக்கிறதே ரசிகர்களாலதான். டாக்டர் ஹூவ விசிஆர்ல பதிவு பண்ணிக்கிட்டிருந்தவங்க டேப்ல இந்த 90 செகண்டும் சேர்ந்து விழுந்துச்சு. சேனல் 11ஏ அவங்ககிட்ட இருந்துதான் காப்பி வாங்க வேண்டியதாச்சு. அந்த டேப்போட ஓரத்துல கோடு ஓடுறது, கலர் வழியறது, இதெல்லாம் இப்ப வர்ற ரீமாஸ்டர்ல தொடச்சுடுறாங்க, எனக்கு அது பிடிக்கல. பழைய விஎச்எஸ் டேப்ப பூஞ்சை புடிக்க விட்டு குப்பையில போடுறவங்களுக்கு மத்தியில, ஊர் டிவிய ஊர்க்காரங்களே டேப்ல புடிச்சு வச்சதாலதான் சிகாகோவோட பழைய டிவிக்குன்னு ஒரு மியூசியமே உருவாக முடிஞ்சுது, இந்தக் காட்சிகளும் அது வழியாத்தான் நல்ல தரத்துல கிடைச்சுது.

ஊர் டிவி, ஊர்ப் பேய்

இங்க ஒரு பின்னணி சொல்றேன், அமெரிக்காவுக்கு வெளிய எழுதுறவங்க இத விட்டுடுறாங்க. அந்தக் காலத்துல அமெரிக்க ஊர் சேனல் பலதுலயும் பேய்ப்படம் போட ஒரு ஹோஸ்ட் இருப்பாரு. ஸ்டூடியோ மூலையில ஒரு சவப்பெட்டி, மலிவான மேக்கப், பழைய கருப்பு வெள்ளைப் படம், நடுநடுவுல ஊர்ப் பகடி. சிகாகோல அது ஸ்வென்கூலி. 1970ல இருந்து 73 வரைக்கும் ஜெர்ரி ஜி. பிஷப், அப்புறம் 1979ல இருந்து சன் ஆஃப் ஸ்வென்கூலின்னு ரிச் கோஸ், சேனல் 32ல. சவப்பெட்டிய விட்டு எந்திரிச்சு மொக்க ஜோக் சொல்லுவாரு, மேல ரப்பர் கோழிங்க வந்து விழும், பெர்வின்னு பக்கத்து ஊர் பேரச் சொன்னாலே சிரிப்பு. வெளியூர்க்காரனுக்கு ஒண்ணும் புரியாது, புரிய வேண்டிய அவசியமும் இல்ல. 1986ல அந்த சேனல் புது முதலாளி கைக்கு, ஃபாக்ஸுக்குப் போச்சு, நிகழ்ச்சி நின்னுடுச்சு. நாடு முழுக்க ஒரே மாதிரி நிகழ்ச்சி ஓடுற காலம் ஆரம்பிச்சுது. (ரிச் கோஸ் 1994ல வேற சேனல்ல திரும்ப வந்தாரு, அது தனி சந்தோஷம்.)

இத ஏன் சொல்றேன்னா, மேக்ஸ் ஹெட்ரூம் மாஸ்க் போட்டவனோட 90 செகண்ட அந்த வரிசையில வச்சுப் பாத்தாத்தான் அது என்னன்னு புரியுது. மலிவு மாஸ்க், தகரத்துல செஞ்ச செட், கோணல் நகைச்சுவை, ஊர் ஸ்போர்ட்ஸ்காரரக் கிண்டல், ஊர்ப் பேப்பரக் கிண்டல், சின்ன வயசுல பாத்த கார்ட்டூனோட ட்யூன். அரசியல் கோரிக்கை எதுவும் இல்ல, காசு கேக்கல. இவன் வெளியில இருந்து வந்தவன் இல்ல, சிகாகோ டிவி முன்னாடி வளந்தவன். ஸ்வென்கூலில இருந்த அன்பு இவன்கிட்ட இல்ல, அதுதான் வித்தியாசம். எரிச்சல் இருக்கு, ஏதோ ஒரு பழைய கணக்கு இருக்கு. சேனல் 9 மேல இவனுக்கு என்ன கோபம்ங்கிற கேள்விக்கு பதில் கிடைச்சா ஆளும் கிடைச்சிருப்பான்னு நான் நம்புறேன்.

கிடைக்கல. ஒளிபரப்பக் கண்காணிக்கிற அமெரிக்க அரசு அமைப்பான எஃப்சிசியும், எஃப்பிஐயும் விசாரிச்சாங்க. ஜெயிலும் அபராதமும் உண்டுன்னு எச்சரிச்சாங்க. ஒண்ணும் நகரல.

ஏன் நகரலங்கிறதுக்கு அதுக்கு ஒண்ணரை வருஷம் முன்னாடி நடந்தத எடுத்துக்குவோம். 1986 ஏப்ரல் 27, மாசக் கட்டணம் கட்டிப் பாக்குற எச்பிஓ சேனலோட சாட்டிலைட் சிக்னல் மேல ஏறி, கேப்டன் மிட்நைட்னு பேர் போட்டு, மாசம் 12.95 டாலரான்னு கேட்டு ஒருத்தர் நாலரை நிமிஷம் எழுத்த ஓட விட்டாரு. ஜான் மெக்டூகல், ஃப்ளோரிடா ஒகாலால டிஷ் ஆன்டெனா விக்கிற கடை வச்சிருந்தவர், பகுதி நேரமா, சாட்டிலைட்டுக்கு சிக்னல் அனுப்புற ஒரு அப்லிங்க் நிலையத்துல வேல. எச்பிஓ சிக்னலப் பூட்டினதுல இருந்து டிஷ் வியாபாரம் படுத்துடுச்சு, அந்தக் கோபம். அவர் மாட்டினாரு. சாட்டிலைட்ட அமுக்குற அளவு பெரிய டிஷ்ஷும் பவரும் இருக்கிற இடம் நாட்டுலயே ரொம்பக் கொஞ்சம், ஸ்க்ரீன்ல தெரிஞ்ச எழுத்து எந்த மாடல் கேரக்டர் ஜெனரேட்டர்ல, அதாவது ஸ்க்ரீன்ல எழுத்து போடுற மெஷின்ல வந்ததுன்னு பாத்தா அந்த லிஸ்ட் இன்னும் சுருங்கிடும். போதாததுக்கு ரோட்டோர பூத்துல அவர் ஃபோன்ல பேசினத ஒரு டூரிஸ்ட் கேட்டு தகவல் சொல்லிட்டாரு. 5,000 டாலர் அபராதம், ஒரு வருஷம் நன்னடத்தைக் கண்காணிப்பு. அதுக்கப்புறம் சட்டத்தையும் கடுமையாக்கினாங்க. 1987 செப்டம்பர்ல, அதாவது சிகாகோ கேஸுக்கு ரெண்டு மாசம் முன்னாடி, ப்ளேபாய் சேனல் மேல பைபிள் பாணியில மனந்திரும்புங்கன்னு எழுத்து ஓட விட்ட இன்னொருத்தரும் அதே மாதிரி மாட்டினாரு, 1990ல குற்றவாளின்னு தீர்ப்பு வந்துச்சு.

சிகாகோல அந்த மாதிரி பிடி எதுவும் இல்ல. எழுத்து இல்ல, கேரக்டர் ஜெனரேட்டர் இல்ல. குரல் உருக்கப்பட்டது, முகம் கடையில வாங்கின ரப்பர். சிக்னல் வந்த இடத்தத் திசை காட்டிக் கண்டுபுடிக்கணும்னா அது ஒலிபரப்பாகும்போதே ஆள் வண்டியோட சுத்தணும், மொத்தமே ரெண்டு நிமிஷம்தான் ஓடுச்சு. அந்தக் குறுகின பீம் டவர் டிஷ்ஷுக்கு மட்டும் போகுது, தெருவுல நிக்கிறவனுக்குத் தெரியக்கூடத் தெரியாது. சிக்னல் நின்னதும் தடயமும் நின்னுடுச்சு. அஞ்சு வருஷத்துல வழக்குப் போடுற காலக்கெடுவும் முடிஞ்சுது. 1992க்கு அப்புறம் அவன் டிவி ஸ்டேஷன் வாசல்ல வந்து நாந்தான்னு சொன்னாலும் தண்டனை கிடையாது. சொல்லல. இது மட்டும் எனக்குப் புரியவே இல்ல. மாஸ்டர்பீஸ்னு தானே பேர் வச்சவன், குறைஞ்சது ரெண்டு மூணு பேருக்குத் தெரிஞ்ச ரகசியம், இத்தன வருஷம் ஒருத்தர் கூட வாய் திறக்கல. 2010ல ஒருத்தர் எனக்குத் தெரிஞ்ச அண்ணன் தம்பி ரெண்டு பேராத்தான் இருக்கும்னு விவரமா எழுதினாரு, பெருசா பரவுச்சு, அப்புறம் அவரே அவங்க இல்லன்னு பின்வாங்கிட்டாரு. அதப் புடிச்சுக்கிட்டு இன்னமும் ஆளுங்க பேரத் தோண்டுறவங்ககிட்ட ஒண்ணு கேட்டுக்கிறேன், நிறுத்துங்க. ஆதாரம் இல்லாம ஒரு குடும்பத்து மேல இதச் சாட்டுறது அந்த 90 செகண்ட விட மோசமான வேலை.

இதுக்கு முன்னாடி பிரிட்டன்லயும் ஒரு கேஸ் உண்டு. 1977 நவம்பர் 26, சதர்ன் டெலிவிஷன்ல சாயந்தர நியூஸ் ஓடும்போது படம் அப்படியே இருக்க, சத்தம் மட்டும் மாறி, வேற்றுக்கிரகத்துல இருந்து பேசுறேன், ஆயுதத்தக் கீழ போடுங்கன்னு ஒரு குரல் பல நிமிஷம் பேசுச்சு. அங்கயும் கதை அதேதான். ஹன்னிங்டன்ல இருந்த ட்ரான்ஸ்மிட்டர், இன்னொரு ட்ரான்ஸ்மிட்டர் காத்துல அனுப்புறத ஆன்டெனால புடிச்சு மறுபடி அனுப்புற அமைப்பு. பக்கத்துல நின்னு சத்தமா அனுப்பினவன் குரல அது புடிச்சுக்கிச்சு. அந்த ஆளும் அகப்படல.

அனலாக் போய் டிஜிட்டல் வந்துடுச்சு, 2009ல அமெரிக்கப் பெரிய ஸ்டேஷன் எல்லாம் மாறிடுச்சு, இனி இப்படி நடக்காதுன்னு சொல்றவங்களுக்கு 2013 பிப்ரவரி 11ஐ ஞாபகப்படுத்துறேன். மொன்டானால க்ரேட் ஃபால்ஸ்னு ஒரு ஊர், கேஆர்டிவி ஸ்டேஷன், பகல் நேர ஷோ ஓடுது. அவசர எச்சரிக்கையோட அந்த காது கிழியுற பீப் சத்தம், மேல எழுத்து ஓடுது, அரசாங்கக் குரல் மாதிரியே ஒரு குரல், உங்க பகுதியில செத்தவங்க பொணம் கல்லறைய விட்டு எந்திரிச்சு உயிரோட இருக்கிறவங்களத் தாக்குது, கிட்ட போகாதீங்க, ரொம்ப ஆபத்துன்னு. மிஷிகன்லயும் அதே மாதிரி போச்சு. எச்சரிக்கை அனுப்புற பெட்டி இன்டர்நெட்டோட இணைஞ்சிருந்துச்சு, கம்பெனில இருந்து வந்தப்ப இருந்த பாஸ்வேர்ட யாரும் மாத்தல, அந்தப் பாஸ்வேர்ட் மேனுவல்லயே அச்சடிச்சு இருந்துச்சு. எச்சரிக்கை வந்தா நடுவுல யாரும் கை வைக்காம, யார்கிட்டயும் கேக்காம தானா ஏர்ல ஏத்துற பெட்டி அது. பாஸ்வேர்ட உடனே மாத்துங்க, பெட்டிய ஃபயர்வாலுக்குப் பின்னாடி வைங்கன்னு எஃப்சிசி நாடு முழுக்க ஸ்டேஷன்களுக்கு அவசர அறிவிப்பு அனுப்புச்சு.